முகாமில் பாத்திரம் கழுவுதல்

சாரணர் முகாமில் சமையலுக்கு உதவ மாணவர் பலர் முன்வருவர். பரிமாறவும் ஆள் கிடைக்கும். உண்டு முடித்தபின் பற்றுப்பாத்திரம் தேய்க்க அழைக்கும்போதுதான் கூடாரங்கள் திடீரென்று அமைதியாகிவிடும். உண்மையில், முகாம் வேலைகளுள் மிகுந்த கவனமும் அறிவும் தேவைப்படுவது இதுவே. வீட்டில் கழுவிய நீரைக் குழாய் கொண்டுபோய்விடுகிறது. அது எங்கே போகிறது என்று எவரும் கேட்பதில்லை. முகாமில் அத்தகைய குழாய் இல்லை. அழுக்கு நீர் போகும் வழியை முகாமிட்டவர்களே வகுக்க வேண்டும்.

நீரை எண்ணிச் செலவிடுதல் தங்கவயல் மக்களுக்குப் புதியதன்று. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை ஏற்றனர். அதன்பின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவர்கள் ‘மைசூர் மைன்ஸ்’ என்று அழைத்த இவ்விடம் வறண்ட மேட்டுநிலம். ‘லைன்’ எனப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தோர், பொதுக் குழாயடியில் குடத்துடன் காத்திருந்து நீர் பிடித்தனர். அந்நீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்வழியே கொண்டுவரப்பட்டது.

பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் நீரைத் தேக்குவது. பாலாறு நந்திமலைப் பகுதியில் தோன்றி, கருநாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்று, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. தங்கவயல் மாணவர் பலருடைய பாட்டன் பாட்டியர் ஊர்கள் அந்த ஆற்றின் பக்கத்தில் உள்ளவை. விடுமுறையில் ரயில் ஏறிச் செல்லும் திசையும் ஆறு செல்லும் திசையும் ஏறத்தாழ ஒன்றே. ஆண்டின் பெரும்பகுதி பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும்; ஆயினும் அம்மணலுக்கு அடியில் ஊறும் நீரைத்தான் கரையோர ஊர்கள் கிணறு வெட்டிக் குடிக்கின்றன. 2021ஆம் ஆண்டு நவம்பர் மழையில் ஆறு பெருக்கெடுத்ததைப் பலரும் நேரில் கண்டனர். மேலே கலக்கும் அழுக்கு கீழே குடிப்போரைச் சென்று சேரும்.

சாம்பார்ப் பாத்திரம் கழுவிய நீரில் அப்படி என்ன தீங்கு இருக்கிறது? பருக்கை, எண்ணெய், உப்பு, சோப்பு ஆகியவையே அதில் உள்ளன. இவை நஞ்சுகள் அல்ல. ஆனால் ஏரியிலோ ஓடையிலோ விழும்போது, உணவுத் துணுக்குகளை நுண்ணுயிர்கள் தின்று பெருகுகின்றன. அவ்வாறு பெருகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செலவழித்துவிடுகின்றன. மீன்களுக்கு மூச்சுத் திணறுகிறது. சோப்பு மீன்களின் செவுள்களைத் தாக்குகிறது. ‘மட்கும் சோப்பு’ என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், அது நன்கு மட்குவது மண்ணிலேயன்றி ஓடும் நீரில் அன்று. இதை அறியாமல் ஓடைக்குள் இறங்கித் தட்டு கழுவுவோர் மிகப் பலர்.

மண்ணில் நிலைமை வேறு. மேல்மண்ணில் கணக்கற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மண்துகள்களுக்கிடையே காற்றும் உண்டு. அழுக்கு நீர் மெல்ல வடியும்போது இவை அதைச் சிதைத்து எளிய பொருள்களாக மாற்றிவிடுகின்றன. ஆகவே நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, மண் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும்.

‘மண் உள்ள இடம்’ என்பது கோலார்ப் பகுதியில் எளிதாகக் கிடைப்பதன்று. கோலார் நகரை அடுத்த அந்தரகங்கை மலைக்கு முகாமிடவும் மலையேறவும் பலர் வருகின்றனர். அங்கே கோயிலருகே கல் எருதின் வாயிலிருந்து ஊற்றுநீர் விழுகிறது. மலை முழுவதும் பாறைகளும் குகைகளும். மண் மிகக் குறைவு. பாறையில் ஊற்றிய நீர் தூய்மையடைய வழியின்றி அப்படியே கீழிறங்கும். அத்தகைய இடத்தில் கழுவிய நீரை வாளியில் சேர்த்து, மண்தரைக்குச் சுமந்து வருவதைத் தவிர வேறு வழியில்லை. தங்கவயலின் சயனைடு மேடுகளோ முற்றிலும் ஒதுக்கத்தக்கவை. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய பாறைத்தூளே அம்மேடுகள். அது உயிருள்ள மண் அன்று. அங்கே முகாமிடுதலும் கூடாது, விளையாடுதலும் கூடாது.

கழுவும் முறையில் பாதி வேலை நீரைத் தொடுமுன்பே முடிந்துவிடும். தட்டில் மிஞ்சியதை வழித்தெடுத்து, காய்ந்த இலையாலோ பழைய தாளாலோ எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். சட்டியில் அடிப்பிடித்திருந்தால், சிறிது நீர் ஊற்றி அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்தால் இளகிவிடும். பின்னர் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும். விறகுச் சாம்பலில் காரத்தன்மையுடைய பொட்டாசியம் கார்பனேட்டு உள்ளது. அது எண்ணெயோடு சேர்ந்து சிறிதளவு சோப்பாகவே மாறுகிறது. பாட்டிமார் சாம்பலால் தேய்த்ததற்கு வேதியியல் காரணமும் உண்டு. பித்தளைக்குப் புளி ஏற்றது.

பிறகு மூன்று பாத்திரங்களில் நீர் வைக்கப்படும். முதலாவதில் தேய்த்துக் கழுவி, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் உள்ள கொதிநீரில் இடுக்கியால் முக்கி எடுக்க வேண்டும். துணியால் துடைப்பதைவிட வெயிலில் கவிழ்த்து உலர்த்துவது நன்று. முகாமில் துணி பெரும்பாலும் தட்டைவிட அழுக்காக இருக்கும். இரண்டாவது பாத்திர நீரை அடுத்த வேளையில் முதற் கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.

முகாம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் சாரணர் வழக்கப்படி நீர்க்குழி தோண்டப்படும். ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழம் போதும். மிக ஆழமாகத் தோண்டினால் நுண்ணுயிர் நிறைந்த மேல்மண்ணைத் தாண்டிவிடும். குழியின் வாயில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் உலர்ந்த புல்லைப் பரப்புவர். அழுக்கு நீரை அதன் வழியே ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்கும் பருக்கையும் புல்லில் தங்கிவிடும். நாள்தோறும் அப்புல்லை அடுப்பில் இட்டு எரித்து, புதிய புல் பரப்ப வேண்டும். மறந்தால் மறுநாளே ஈக்களும் எறும்புகளும் நினைவூட்டும். இரவில் நாய்களும் வரும். பிளாஸ்டிக் உறைகளைக் குழியில் இடலாகாது. அவை வந்த பையிலேயே ஊர் திரும்ப வேண்டும்.

குழி தோண்டும்போது மேலே இருந்த புல்கரணையைத் தனியே எடுத்து, நிழலில் ஈரச் சாக்கால் மூடி வைப்பது முன்யோசனை உள்ள குழுவின் அடையாளம். கடைசி நாளில் மண்ணை இட்டு மிதித்து, அக்கரணையை மேலே பொருத்தி, மிஞ்சிய அலசல் நீரை அதன்மேல் தெளிப்பர். அடுத்த மழைக்குள் புல் வேர் பிடித்துவிடும்.