பால் காய்ச்சியாச்சு… இனிமேதான் வேலையே!

விருதுநகர் மாவட்டம், சுந்தரபாண்டியம். மேற்கே மலை, சுற்றிலும் வயல். இந்தப் பேரூராட்சியில் லோன் போட்டு, நகையை அடகு வெச்சு, முதல் வீட்டைக் கட்டி முடிச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். வாடகை வீட்டில் இருந்தவரை எது பழுதானாலும் ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் போட்டால் போதும். இப்போ அந்த ஓனரே நீங்கதான்! கொத்தனார் சொல்லாமல் விட்ட சில வேலைகளைப் பார்ப்போமா?

முதல் அதிர்ச்சி: கரன்ட் பில்

வீடு கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் அதிகம். குடியேறியதும் அதை வீட்டு உபயோகத்துக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். மாற்றினால்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் கிடைக்கும். மின்சாரம் தொடர்பான எந்தப் புகாருக்கும் 'மின்னகம்' எண்: 94987 94987.

சொத்து வரி

புது வீட்டுக்கு வரி விதிக்கச் சொல்லி பேரூராட்சியில் நீங்களே விண்ணப்பிப்பது நல்லது. வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய தேதிகளுக்குள் கட்டினால், அந்த அரையாண்டு வரியில் 5 சதவீதம் (அதிகபட்சம் 5,000 ரூபாய்) ஊக்கத்தொகை உண்டு. போனிலேயே கட்டலாம்.

மறந்தே போகும் செப்டிக் டேங்க்

மண்ணுக்குள் இருப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. கக்கூஸில் தண்ணீர் மெதுவாக இறங்கும்போதுதான் ஞாபகம் வரும். அதுவரை காத்திருக்காதீங்க. 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை கழிவை எடுக்கணும். இல்லைன்னா கசடு நிரம்பி, கழிவுநீர் நிலத்துக்குள் இறங்கி, உங்க கிணற்றையும் பக்கத்து வீட்டு போர் தண்ணீரையும் கெடுக்கும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. 'அடைப்புதானே, உள்ளே இறங்கி எடுத்துடறேன்'னு யாராவது சொன்னால் சம்மதிக்காதீங்க. தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேர்ந்திருக்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் அந்த வாடையும் தெரியாது. ஆபத்து போயிடுச்சுன்னு தோணும்போதே ஆள் மயங்கி விழுந்திடுவார். காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே கதிதான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரரும் தப்ப முடியாது. அதனால் 14420-க்குப் போன் பண்ணி, உறிஞ்சும் லாரியை வரவழையுங்க.

முற்றமும் மொட்டை மாடியும்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அதுவும் தொட்டிச் சுவரில், தண்ணீர் விளிம்பை ஒட்டி. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, சுவரை நல்லாத் தேய்ச்சுக் கழுவணும். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு எதையும் விட்டுடாதீங்க.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கட்டும்போது குழாய் வெச்சிருப்பீங்க. அதில் இலை அடைச்சிருந்தால் என்ன பயன்? மாடியில் தண்ணீர் தேங்கி கூரைதான் ஒழுகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். செப்டம்பரிலேயே மாடியைப் பெருக்கி, குழாயையும் குழியையும் சுத்தம் பண்ணிடுங்க.

முற்றத்தில் செங்கல், விறகு குவிஞ்சிருந்தால் பாம்பு ஒதுங்கும். பார்த்தால் அடிக்கப் போகாதீங்க. தீயணைப்புத் துறையை 101-ல் கூப்பிடுங்க. கடிச்சிட்டால் கட்டுப் போட்டு நேரம் கடத்தாமல் உடனே 108.

இன்னைக்கே ஒரு வேலை

போன் காலண்டரைத் திறங்க. ஞாயிறுதோறும் தொட்டி கழுவுதல், ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரி, செப்டம்பரில் மாடி, இரண்டு ஆண்டு கழித்து செப்டிக் டேங்க்னு நாலு நினைவூட்டல் போடுங்க. ஐந்து நிமிஷ வேலைதான். கஷ்டப்பட்டுக் கட்டின வீடாச்சே!