சிம்ஷியன் மக்களிடையே மூப்பரும் நியாயமும்

மூப்பர் என்னும் சொல்லைச் சபைத் தேர்தலோடு இணைத்தே கேட்டுப் பழகிவிட்டோம். கானடாவின் வடமேற்குக் கடலோரத்தில், ஸ்கீனா ஆறு கடலிற் கலக்கும் பகுதியில் வாழும் சிம்ஷியன் மக்களிடையே மூப்பரின் முதற் கடமை சாட்சியாயிருத்தலாகும்.

இம்மக்கள் காகம், கழுகு, ஓநாய், கொல்திமிங்கலம் என்னும் நான்கு குலத்தினர். குலம் தாய்வழியே வருவது. குலத்தினுள் பல 'வீடுகள்' உண்டு. பெயர், நிலம், மீன்பிடி உரிமை ஆகியவற்றைப் பொதுவில் உடைய உறவினர் கூட்டமே வீடு எனப்படும். தலைவனின் பெயர் அவன் மகனுக்குச் செல்லாது. பெரும்பாலும் சகோதரியின் மகனுக்கே செல்லும். நம்மவர் மருமக்கள்வழி என்பதும் இதுவே. தகுதியுடையவன் யாரென்பதை வீட்டின் மூப்பர், சிறப்பாக மூத்த பெண்டிர், ஆராய்ந்து உடன்படுவர்.

ஆனால் அவ்வுடன்பாடு மட்டும் போதாது. விருந்து செய்து, பிற குலத்துப் பெரியோரை அழைத்து, 'அதாவுக்' எனப்படும் வீட்டு வரலாற்றை அவர்கள் செவிகேட்க உரைத்த பின்னரே பெயர் சூட்டப்படும். விருந்தினருக்கு அளிக்கும் பரிசுகளை அந்நியர் ஆடம்பரமென்றே கண்டனர். உண்மையில் அவை சாட்சிகளுக்குரிய கூலி. பரிசு பெற்றவர், பின்னாளில் வழக்கெழுந்தால் தாம் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவர். எழுத்து வழங்காத அந்நாளில் இவ்விருந்தே பதிவகமாகவும் நியாயஸ்தலமாகவும் விளங்கிற்று. பட்டணவாசலில் போவாஸ் மூப்பர் பதின்மரை உட்காரவைத்த நிகழ்ச்சி நமக்கு நினைவுக்கு வரும்.

நம்மை உறுத்தும் செய்தி இனித்தான் வருகிறது. திருநெல்வேலியில் ஊழியஞ்செய்த அதே சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்பில் வில்லியம் டங்கன் 1857இல் அங்குச் சென்றார். அவர்தம் மொழியைக் கற்றார். 1862இல் மெட்லகட்லா என்னும் கிறிஸ்தவ ஊரை அமைத்தார். அங்குக் குடியேறுவோர் விருந்தில் பொருளை வாரிக்கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடவேண்டுமென்பது விதிகளுள் ஒன்று. டங்கன் மூப்பரை மதியாதவரல்லர். தலைவர்களைத் தம் ஊர்மன்றத்தில் அமர்த்தினார். ஆயினும் சாட்சிகளைக் கூட்டும் பந்தி இல்லையேல் அவர்கள் எதன்மேல் நியாயந்தீர்ப்பர்? ஒரு வீண்செலவை நிறுத்துவதாக எண்ணிய ஊழியர் ஒரு நீதிமன்றத்தையே மூடினர் என்பது எம் கருத்து. 1884இல் கானடா அரசு சட்டமியற்றி விருந்தைக் குற்றமாக்கிற்று. மிஷனெரிமார் பலர் அதனை ஆதரித்தனர். 1951இலேயே அத்தடை சட்டத்தினின்று நீங்கிற்று.

மூப்பர் நினைவில் காத்தவை முற்றும் அழிந்துவிடவில்லை. சிம்ஷியருள் ஒருவரும் ஓநாய்க் குலத் தலைவருமான வில்லியம் பேனன், 1958இல் மறையும்வரை பல வரலாறுகளை எழுதிச் சேர்த்தார். அண்டை மக்களாகிய கித்சானும் வெட்சுவெட்டெனும் தம் நில உரிமைக்காகத் தொடுத்த வழக்கில் மூப்பர் வாய்மொழியாக வரலாற்றை ஒப்புவித்தனர். 1991இல் கீழ்நீதிமன்றம் அதற்கு உரிய மதிப்பளிக்கவில்லை. 1997இல் கானடாவின் உச்சநீதிமன்றம், வாய்மொழி வரலாறும் எழுத்தாவணத்திற்கு ஒப்ப வைத்து ஆராயத்தக்கது எனத் தீர்த்து, மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டது. அம்மறுவிசாரணை இன்றளவும் நடைபெறவில்லை.