கையில் ஓடும் சக்கரம்

தூத்துக்குடிக் கடற்கரையில் தோணி கட்டும் கொட்டகை ஒன்றை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற பெரிய மரத்தோணிகள், வாய்ச்சி, உளி, இழைப்புளி, கொட்டாப்புளி என்ற சில கருவிகளைக் கொண்டே உருவாயின. அத்தகைய கொட்டகை ஒன்றில், வயது முதிர்ந்த ஆசாரியார் ஒருவரிடம், விடுமுறை நாட்களில் நான் சிறிது தச்சு பழகினேன். ரௌட்டர் என்னும் மின்கருவியை முதன்முதல் கையில் எடுத்ததும் அங்கேதான்.

ரௌட்டர் என்பது யாது? ஒரு மின்மோட்டார், அதன் அடியில் சுழலும் ஒரு வெட்டலகு, தொழிலாளர் இதனைப் 'பிட்' என்பர். இரு பக்கமும் பிடிகள். கீழே மரத்தின்மேல் வழுக்கிச் செல்லும் தட்டை அடித்தளம். மரத்தில் பள்ளம் எடுக்கவும், கதவின் விளிம்பை வளைவாகச் செதுக்கவும் இது பயன்படுகிறது. உளியால் ஒரு பகல் முழுதும் செய்யும் வேலையைக் கால் மணியில் முடித்துவிடும்.

உளி நம் கை தள்ளிய அளவே செல்லும். கை நின்றால் அதுவும் நிற்கும். ரௌட்டருக்கோ தனக்கென ஓர் ஓட்டம் உண்டு. நிமிடத்திற்குப் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் சுற்று வரை சுழல்கின்ற அலகு, மரத்தைத் தொட்ட கணமே ஒரு திசையில் இழுக்கும். அந்தத் திசையை அறியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லுகிறேன்.

ஒரு நாள் ஆசாரியார் தேநீர் அருந்தச் சென்றிருந்தார். நான் ஒரு தேக்குப் பலகையை இடக்கையால் அழுத்திக்கொண்டு, வலக்கையால் ரௌட்டரைப் பிடித்து, விளிம்பில் வலமிருந்து இடமாக நகர்த்தினேன். கருவி துள்ளிற்று, என் கையிலிருந்து விடுபட்ட கன்றுக்குட்டிபோல் பலகையின் ஓரமாக ஓடிற்று. இடக்கைக் கட்டைவிரலின் நகமும் சிறிது சதையும் போயின. விரல் எஞ்சியது என் சாமர்த்தியத்தால் அன்று. ஆசாரியார் திரும்பிவந்து காயத்தைக் கட்டிய பின், "தம்பி, அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை.

மேலிருந்து நோக்கினால் அலகு கடிகார முள் செல்லும் திசையில் சுழல்கிறது. மரம் உங்களுக்கு முன்னே இருக்க, கருவியை இடமிருந்து வலமாகத் தள்ளினால், அலகின் விசை உங்கள் கைக்கு எதிராகவே தள்ளும். நீங்கள் செலுத்திய அளவே கருவி முன்னேறும். வலமிருந்து இடமாகச் சென்றால், அலகின் பற்கள் மரத்தைப் பற்றிக்கொண்டு வண்டிச் சக்கரம்போல் உருண்டோட முயலும். வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆதலின் உங்கள் வலக்கையையே படமாகக் கொள்ளுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். ஆள்காட்டி விரல் வெட்டவேண்டிய மரத்தைச் சுட்டட்டும். கட்டைவிரலைப் பக்கவாட்டில் நீட்டுங்கள்; அது காட்டும் திசையே கருவி செல்லவேண்டிய திசை. பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றும்போது இது இடஞ்சுழியாகவும், நடுவே உள்ள துவாரத்தின் உள்விளிம்பில் வலஞ்சுழியாகவும் அமைவதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது வேகம். கணக்கில் விருப்பமுள்ளவர்கள் காகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலகு நிமிடத்திற்கு 22,000 சுற்றுச் சுழன்றால், அதன் முனை மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதே சுற்றில் 50 மில்லிமீட்டர் அலகின் முனையோ 200 கிலோமீட்டரைக் கடந்துவிடும்! பெரிய அலகை மாட்டும்போது சுற்றைக் குறைத்துவிட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. ஒரே வீச்சில் ஆழமாக வெட்டுவதும் ஆகாது. மும்மூன்று மில்லிமீட்டராக இறங்குவது நலம்.

அலகைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்குக் 'காலட்' என்று பெயர். நமது ஊரின் உப்புக் காற்று அதில் துரு ஏற்றிவிடுகிறது. துருவேறிய காலட் அலகை இறுகப் பற்றாது. வேலையின் நடுவே அலகு மெல்ல நழுவி இறங்கும். ஆகவே அதை அவ்வப்போது துடைத்து வைக்க வேண்டும். அலகின் காம்பைக் கடைசிவரை செருகி, பிறகு 3 மில்லிமீட்டர் அளவு வெளியே இழுத்து முடுக்குவது முறை. அதற்குமுன் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்; விசையை அணைத்தால் மட்டும் போதாது. முத்துக் குளித்தவர் ஆழத்தில் இருந்தபோது படகில் கயிறு பிடித்தவர் வேறெங்கும் முகம் திருப்பியதில்லை. அவ்வளவு கவனம் அந்தச் செருகியின்மீதும் வேண்டும்.

பலகையைக் கையால் அழுத்திப் பிடிக்கலாகாது என்பதை என் கட்டைவிரல் சொல்லும். இறுக்கிப் பூட்டும் பிடிப்பான்கள் எதற்கு இருக்கின்றன? இரு கைகளும் கருவியின் பிடிகளிலேயே இருக்க வேண்டும். அலகு மரத்தைத் தொடாத நிலையில் கருவியை முடுக்க வேண்டும். நிறுத்திய பின்னும் சில நொடி சுழலுமாதலால், முற்றிலும் நின்ற பிறகே கீழே வைக்க வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை இவை கூடா. கண்ணாடியும் காதடைப்பும் அவசியம். மூக்கை மறைக்க முகமூடியும் அணியுங்கள். மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளென்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியிருக்கிறது. தச்சர் பலர் இன்றும் இதைப் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தமே.

இன்னொரு செய்தி, நம் கரைக்கே உரியது. உடைத்த தோணிகளின் பழம்பலகையில் மேசை செய்ய விரும்புவோர் உண்டு. அதனுள் புதைந்த ஆணியில் அலகு மோதினால், சிதறும் துண்டு கண்ணை நோக்கியும் பாயலாம். ஆசாரியார் அத்தகைய பலகைமீது முதலில் ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்ப்பார். செம்பாணி காந்தத்திற்கு அகப்படாதாகையால், பிறகு விரல் நுனியால் தடவிக்கொண்டே போவார். கட்டுப்போட்ட கையுடன் நான் மீண்டும் கொட்டகைக்குச் சென்ற அன்று, ஒரு முழப் பலகையில் அவர் மூன்று ஆணிகளைக் கண்டெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.