72,000 என்று முன்கூட்டியே எழுதிய கணக்கு

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள இலங்கையரில் 1,617,924 பேருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, தன் பராமரிப்பு, தொடர்பாடல் ஆகியவற்றில் ஒன்றிலேனும் சிரமம் இருப்பதாகப் பதிவானது. நூற்றுக்கு 8.7 பேர். 2023 ஜூலையில் அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 72,000 பேருக்கு என்று வர்த்தமானியில் குறிக்கப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை. கணக்கெடுப்பில் இலேசான சிரமம் உள்ளவர்களும் சேர்ந்திருக்கிறார்கள்; கொடுப்பனவோ வறிய குடும்பங்களுக்கு உரியது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி மிகப் பெரியது.

புத்தளம் மாவட்டத்துக்கு இதைப் பிரித்துப் பார்க்கிறேன். 2012இல் மாவட்டத்தின் சனத்தொகை 762,396, நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 3.7 சதவீதம். தேசிய விகிதம் இங்கும் பொருந்துமென்றால் சிரமமுள்ளவர்கள் சுமார் 60,000 பேர். 72,000 இடங்களில் மாவட்டத்தின் பங்கு சுமார் 2,700. பதினாறு பிரதேச செயலகப் பிரிவுகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 170 அளவில் வரும். இது என் பெருக்கல், அரச பதிவேடு அல்ல. ஆனாலும் கற்பிட்டி போன்ற சனநெருக்கமுள்ள ஒரு பிரிவில் அந்த 170 எவ்வளவு சிறியது என்பதை அங்கு வாழ்பவர்களே சொல்வார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைபாட்டைச் சதவீதத்தில் அளக்கவில்லை. உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற இயலாதவர் மாற்றுத்திறனாளி என்கிறது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சலுகைகளுக்கு 40 சதவீதம் என்ற கோடு உண்டு. அதில் ஆளைவிட எண்ணே தீர்ப்புச் சொல்லும் ஆபத்து இருக்கிறது. இலங்கையின் வரையறை அதைவிட மனிதத்தன்மை உள்ளது. ஆனால் பணம் வழங்கும் இடத்தில் அந்த வரையறை செல்லுபடியாகவில்லை. அஸ்வெசும 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பத்தை அளக்கிறது. வீடும் சொத்தும் வருமானமும் எண்ணப்படும் அந்த அளவீட்டுக்குள்ளேதான் ஆளின் முடக்கமும் பார்க்கப்படுகிறது.

கரையோரத்தில் முடக்கம் தொழிலிலிருந்தும் பிறக்கிறது. கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுபவர்கள் ஆழத்திலிருந்து விரைந்து மேலேறினால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கக்கூடும். இடுப்புக்குக் கீழ் உணர்வே போகலாம். காலையில் கடலுக்குப் போனவர் மாலையில் நடக்க முடியாதவராகிறார். கொடுப்பனவு பெற அவருக்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாடும் அரச வைத்தியரின் அறிக்கையும் பிரதேச செயலகத்தின் பரிந்துரையும் வேண்டும். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அங்கிருந்து சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு இன்னும் 40க்கு மேல். பத்தலங்குண்டுத் தீவிலிருந்து வருபவருக்கு அதற்கு முன் படகுப் பயணமும் உண்டு. படுத்த படுக்கையாக உள்ளவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியையும் இழந்துதான் இந்தத் தாள்களைச் சேர்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில் பலருடைய வாக்காளர் பதிவு நெடுங்காலம் வடக்கிலேயே இருந்தது. வதிவிடத்தை உறுதிப்படுத்துவதே அவர்களுக்கு முதல் தடை.

இனித் தொகை. 3,000 ரூபாயாக இருந்த கொடுப்பனவு 2019இல் 5,000 ஆனது, 2024இல் 7,500, 2025 ஏப்ரலில் 10,000. நாளொன்றுக்கு 333 ரூபாய். ஏற்றம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோதும் அடிப்படைக் கொடுப்பனவு அதே 5,000 தான். 2019இலிருந்து விலைகள் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டதால், அந்த 10,000 பெரும்பாலும் பழைய மதிப்பை மீட்டுத் தந்திருக்கிறது, அவ்வளவே. தொடக்கத்தில் குறித்த 72,000 பேருக்கு அன்றைய 5,000 வீதம் ஆண்டுக்கு 432 கோடி ரூபாய். ஓர் அரசின் வரவுசெலவில் இது தாங்க முடியாத சுமை என்று நான் நம்பவில்லை.

சலுகை என்றால் கொடுப்பனவு மட்டுமல்ல. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை அரச வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் 2007இல் கையெழுத்திட்ட இலங்கை, அதை 2016 பெப்ரவரியில்தான் உறுதிப்படுத்தியது.

எத்தனை பேருக்கு என்று முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு யார் என்று தேடும் முறை மாற வேண்டும். ஆளின் முடக்கத்தைக் குடும்ப வருமானத்திலிருந்து பிரித்துப் பதிய வேண்டும். சான்றளிக்கும் வைத்தியர் குழு ஆண்டுக்கு இருமுறையாவது கற்பிட்டிக்கும் முந்தலுக்கும் தீவுகளுக்கும் வர வேண்டும். இந்த மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கொடுப்பனவு பெறுபவர்களும் காத்திருப்பவர்களும் பிரிவு வாரியாக எத்தனை பேர்? அந்தப் பட்டியலைப் பிரதேச செயலக வாசலில் மும்மொழியிலும் ஒட்டச் சொல்லுங்கள்.