திரையிலே எழும் புகார்

கல்லில்லை, சுண்ணாம்பில்லை, கொத்தனாருமில்லை. ஆனால் நகரம் எழுகிறது! கி.பி. 320ஆம் ஆண்டின் உரோமாபுரியை வீதி வீதியாகக் கணினித் திரையிலே கட்டி, 2007ஆம் ஆண்டு உலகத்தார்க்குக் காட்டினர் அறிஞர்கள். கிரேக்கத்து ஏதென்ஸ் நகரும் அவ்விதமே எழுந்தது. சரிந்த தூண் நிமிர்கிறது. பள்ளிப் பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தத் தெருவிலே உலாவுகிறான்.

யவனருக்கு மட்டுந்தானா அந்த வாய்ப்பு? அவர்கள் கலம் ஓட்டி வந்து குடியிருந்ததாகச் சிலம்பு செப்புகிற காவிரிப்பூம்பட்டினத்துக்கும் வந்தது. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை உதவ, திருச்சி பாரதிதாசன் பல்கலைக் கழகத்தார் முன்னின்று, புகாரைத் திரையில் எழுப்பும் திட்டம் 2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. செயற்கைக்கோள் எடுத்த படங்களும், ஒலியலையால் கடலடியை அளந்த கணக்குகளும் அதற்குக் கருவிகள். மகிழ்கிறோம்.

'குன்னூர் மலையிலே இருக்கும் உமக்குக் கடற்கரைப் பட்டினத்தைப் பற்றி என்னய்யா கவலை?' என்பார் உண்டு. நமக்குத்தான் கவலை அதிகம்! கோத்தகிரித் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் தாய், மகனை அழைத்துச் சென்று பூம்புகாரைக் காட்ட 400 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். கூலி போகும், பேருந்துக் கட்டணம் போகும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இம்மலைக்கு வந்து சேர்ந்தோரின் பேரப்பிள்ளைகளுக்குப் புகார் என்பது பாடப் புத்தகத்திலே ஒரு பத்தி, அவ்வளவே. போய்ப் பார்க்க முடிந்தவனுக்குத் திரை ஒரு வேடிக்கை; முடியாதவனுக்கு அதுவே கண். அதனால் கேட்கிறோம், எதைக் காட்டப் போகிறீர்கள்?

கீழையூரிலே இருக்கிறது மெய்யான சான்று. 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. படகு கட்டிய மரத்தூணின் அடிப்பகுதிகூட மண்ணுக்குள்ளே இருந்தது. ஏறத்தாழ 2,300 ஆண்டுப் பழமை என்று கணித்தனர். எந்தப் படகோட்டி அதிலே கயிற்றைச் சுற்றினானோ! அரண்மனை வேண்டாம், அந்த ஒரு தூணைக் காட்டினால் போதும், நம் தோழர்களின் உள்ளம் துள்ளும்.

ஆனால் திட்டத்தார் வேறொன்றும் சொன்னார்கள். புகார் முதன்முதலில் அமைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்பாம்; இன்றைய ஊருக்கு 30 கிலோமீட்டர் அப்பால், இன்று கடலாகிவிட்ட இடத்திலாம். காதுக்கு இனிக்கிறது! அந்நாளில் கடல் மட்டம் ஏறக்குறைய 100 மீட்டர் தாழ்ந்திருந்தது, உண்மை. அங்கே நிலம் இருந்தது, அதுவும் உண்மை. நிலம் இருந்தால் நகரம் இருந்ததாகிவிடுமா? உலகில் உழவுத் தொழிலே தோன்றாத காலமல்லவா அது! புராணக்காரன் இலட்சம் ஆண்டுக் கணக்குச் சொன்னபோது 'சான்று எங்கே?' என்று மேடைதோறும் கேட்டவர்கள் நாம். நம் பட்டினம் என்றதும் வாயை மூடிக்கொள்வதா? ஒரு செங்கல், ஒரு பானையோடு எடுத்துக் காட்டட்டும், மாலையோடு காத்திருக்கிறோம். 23 மீட்டர் ஆழத்திலே குதிரை லாட வடிவில் ஏதோ கிடப்பதை 1990களில் மூழ்கிப் பார்த்தார்கள். மனிதன் கட்டியதா, இயற்கை அமைத்ததா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை.

திரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கண்டெடுத்ததையும் கற்பனையையும் ஒரே பளபளப்பிலே காட்டிவிடும். தடுக்க வழியும் அதிலேயே இருக்கிறது: தோண்டி எடுத்தது செங்கல் நிறத்திலே தெரியட்டும், ஊகித்தது சாம்பல் நிறத்திலே தெரியட்டும். சின்னஞ்சிறு பிள்ளையும் பிரித்தறியும்.

இன்னொன்று. மன்னரும் பெருவணிகரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். கொல்லரும் தச்சரும் குயவரும் பரதவரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் என்று ஒரு பாதி ஊர் உண்டு!

அதே கருவிக்கு இம்மலையிலும் வேலை இருக்கிறது. ஆங்கில ஆட்சியின் கமிஷனர் பிரீக்ஸ் இங்குள்ள கற்குவைகளைத் திறந்து பார்த்தார். அவர் நூல் 1873இல் வெளிவந்தது. நீலகிரிக் குவைகளிலிருந்து போன எருமை உருவ மூடிகளும் வெண்கலக் கிண்ணங்களும் சில எழும்பூரிலே, சில இலண்டனிலே. தோடரையும் கோத்தரையும் கேட்டு, அவர்கள் இசைந்ததை மட்டும், இருந்த குவையிலேயே திரையில் வைத்துக் காட்டலாமே! உதகையின் நட்சத்திர விடுதிக் கூடத்திலே அல்ல. தோட்டத்துப் பள்ளியிலே, ஞாயிற்றுக்கிழமையிலே, கட்டணமின்றி, தமிழிலே.