காரைக்காலுக்கு எந்த மூச்சுக் கருவி வேண்டும்?

எக்மோ என்ற உயிர்காப்புக் கருவியின் பெயர் தமிழ்நாட்டின் டீக்கடைகள் வரை போய்ச் சேர்ந்தது 2016 டிசம்பரில். 4ஆம் தேதி மாலை முதலமைச்சர் ஜெயலலிதாவின் இதயம் நின்றதும் அப்போலோ மருத்துவர்கள் அந்தக் கருவியைப் பொருத்தினார்கள். மறுநாள் இரவு அவர் இறந்தார். 2020 ஆகஸ்டில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு கொரோனா முற்றி, வென்டிலேட்டரோடு எக்மோவும் பொருத்தப்பட்டபோது, மருத்துவமனை அறிக்கையைத் தமிழகமே வாரக்கணக்கில் காத்திருந்து படித்தது. செப்டம்பர் 25 அன்று அவரும் போய்விட்டார். இரண்டு பேருமே பிழைக்கவில்லை. ஆனாலும், பெரிய கருவி இருந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அதற்குப் பிறகு இன்னும் அழுத்தமாக ஊன்றிவிட்டது. புதுச்சேரி ஆட்சியின் கீழ் இருந்தும் தமிழ்நாட்டுக்குள் தனித்துக் கிடக்கும் காரைக்கால் போன்ற ஒரு சிறு நிலத்துண்டுக்கு இந்த எண்ணம் ஆபத்தானது என்பதே என் வாதம். இங்கே மூச்சு நின்று சாகிறவரைக் காப்பாற்றத் தேவையான கருவிகள் பெரும்பாலும் எளியவை. அரிதாகக் கிடைப்பது, அவற்றின் பக்கத்தில் இரவு முழுக்க நிற்கும் ஆள். அதைவிட அரிதானது, எல்லை தாண்டி அடுத்த மருத்துவமனை வரை அறுந்துபோகாத ஏற்பாடு.

முதலில் இங்கே யாருக்கு மூச்சு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், கிழக்கே கடல், நடுவில் வயல். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 2,00,222. நெல் விளையும் மண்ணில் பூச்சிமருந்து குடித்தவர் வருவார், வரப்பிலும் தரையில் போட்ட பாயிலும் பாம்பு கடித்தவர் வருவார். குறைமாதக் குழந்தை, நெஞ்சுவலி, கடலில் மூழ்கி மீட்கப்பட்டவர் என்று மற்றவர்களும் உண்டு. இவர்களில் முதல் இரண்டு வகையினருக்கு நுரையீரல் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் துண்டிக்கிறது. இமை சரியும், பேச்சு குழறும், கடைசியில் மார்புத் தசை அசையாது. காற்றை உள்ளே தள்ள யாராவது இருந்தால் போதும், சில நாட்களில் தசை மீண்டுவிடும். அந்த நேரத்தில் கையால் அமுக்கும் அம்பு பைகூட உயிர் காக்கும் கருவிதான்.

பூச்சிமருந்து விஷயம் இன்னும் நுட்பமானது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைக் குடித்தவருக்கு அட்ரோபின் ஏற்றியதும் வாயில் நுரை அடங்கும், வியர்வை நிற்கும், கண் திறப்பார். 'தப்பிச்சாச்சு' என்று உறவினர்கள் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். ஆனால் ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் கழுத்துத் தசையும் சுவாசத் தசையும் மெல்லத் தளர்ந்து மூச்சு நின்றுவிடும். இந்த நிலையைத் தனியாக அடையாளம் கண்டு 1987இல் உலகத்துக்கு எழுதியவர்கள் இலங்கையின் மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும். அவர்கள் கண்டதும் நம்முடையதைப் போன்ற விவசாய மண்ணின் நோயாளிகளைத்தான். வரப்போகும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் சோதனைக்குக் கருவியே வேண்டாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தூக்க முடியவில்லை என்றால் குழாய் போடத் தயாராக வேண்டும். இரவு 2 மணிக்கு, ஓரளவு தேறிவிட்டார் என்று வார்டுக்கு மாற்றப்பட்டவரை எழுப்பி அதைச் சொல்ல ஒரு நர்ஸ் இருக்கிறாரா என்பதில்தான் உயிர் நிற்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இதைப் பிந்தித்தான் சொல்லும். நோயாளிக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் இன்னும் பிந்தும்.

மூச்சுக் கருவியின் வரலாறே இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1952இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவி, சுவாசம் செயலிழந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களைச் சேர்த்த மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல், கூடவே சில சிறு கருவிகள். மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கச் செய்தார், ரப்பர் பையைக் கையால் அமுக்கச் சொன்னார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு, மாதக்கணக்கில் அமுக்கினார்கள். இறப்பு நான்கில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. ஐ.சி.யூ. என்ற ஏற்பாடு பிறந்தது இந்தக் கைகளிலிருந்துதான். அரை நூற்றாண்டு கழித்து, 2000இல், அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஒரே வென்டிலேட்டர்தான். ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்றை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி என்பதிலிருந்து 6 மில்லியாகக் குறைத்தபோது, இறப்பு விகிதம் 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆனது. வாங்கிய கருவி மாறவில்லை. திருகைத் திருப்பியவருக்குத் தெரிந்திருந்தது மாறியது.

தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் வேண்டும்? வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது தீவிர சிகிச்சைத் துறை ஏற்றுக்கொண்ட அளவு. வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒரு நாள் ஓய்வு போக ஒருவர் பார்ப்பது 6. ஆக ஒரு படுக்கைக்கே மூன்றரை ஆள், விடுப்பும் தீபாவளியும் சேர்த்தால் நான்குக்கு மேல். பத்து வென்டிலேட்டரைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் எந்த மருத்துவமனைக்கும் அந்தப் பத்துக்காக மட்டும் நாற்பது நர்ஸுகள் வேண்டும். அவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சளியை உறிஞ்சி எடுப்பது, தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைப்பது, மூச்சுக்குழாயைச் சுற்றிய பலூனின் அழுத்தம் கூடினால் புண், குறைந்தால் நிமோனியா என்று அளந்துகொண்டே இருப்பது என வேலை நீளும். கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு, ரிப்பன் வெட்ட முடியும். சம்பளம் மாதாமாதம் வரும் செலவு, அதற்கு ரிப்பன் கிடையாது. நம் அரசுகள் முதலாவதை விரும்புவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எக்மோவுக்கு வருவோம். தொடையிலுள்ள பெரிய ரத்தக்குழாயிலிருந்து ரத்தத்தை வெளியே இழுத்து, ஒரு சவ்வின் வழியே ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குள் திருப்பி அனுப்பும் கருவி அது. பிரிட்டனில் நடந்து 2009இல் வெளியான சீசர் ஆய்வில், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்துப் பெரிய ஊனமின்றி உயிரோடிருந்தார்கள். அனுப்பப்படாதவர்களில் அது 47 சதவீதம். எக்மோவின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். ஆனால் அனுப்பப்பட்ட 90 பேரில் அந்தக் கருவியில் ஏற்றப்பட்டவர்கள் 68 பேர்தான். மற்றவர்களில் கணிசமானோர் நல்ல மையத்தின் சாதாரண சிகிச்சையிலேயே தேறினார்கள். ஆய்வு சோதித்தது கருவியை மட்டுமல்ல, தகுந்த இடத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும். இன்னொரு கணக்கு: உலக எக்மோ பதிவேட்டை வைத்து 2015இல் வந்த ஆய்வு, ஆண்டுக்கு 30 பெரியவர்களுக்கு மேல் பார்க்கும் மையங்களில் இறப்பு குறைவு, ஆறுக்கும் கீழே பார்க்கும் மையங்களில் அதிகம் என்றது. இரண்டு லட்சம் பேரிலிருந்து ஆண்டுக்கு முப்பது எக்மோ நோயாளிகள் வர வழியில்லை. இங்கே அந்தக் கருவியை வைத்தால், பழக்கமில்லாத கைகளில் அது நோயாளிக்கே தீங்காகும்.

ரத்த ஓட்டத்துக்கான கருவிகளிலும் கதை இதேதான். மாரடைப்பில் இதயம் துவண்டவருக்கு மகாதமனிக்குள் பலூன் வைத்துத் துடிக்க வைக்கும் பம்ப் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 2012இல் ஜெர்மனியில் 600 பேரிடம் சோதித்தபோது, 30 நாள் இறப்பில் பலூன் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே காலத்தில் தமிழ்நாட்டில் மாரடைப்புக்காக நடந்த ஸ்டெமி திட்டம் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. சிறு மருத்துவமனையையும் ஆம்புலன்சையும் பெரிய மருத்துவமனையையும் ஒரு சரடில் கோத்து, ஈ.சி.ஜி.யை முன்கூட்டியே அனுப்பி வைத்தது. 2017இல் வெளியான முடிவின்படி ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

இந்தச் சரடு காரைக்காலில் அறுபடும் இடம் சாலை. புதுச்சேரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர், வழி நெடுகத் தமிழ்நாடு. தஞ்சாவூர் அதைவிடக் கிட்டே, திருவாரூரும் நாகப்பட்டினமும் இன்னும் கிட்டே. ஆனால் நிர்வாகத்தின் கண் வடக்கு நோக்கியே இருக்கிறது. ஆக்சிஜன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 'பி' டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேரம் வரும். சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் புதுச்சேரி போய்ச் சேரவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். கடலூர் நெரிசலில் நின்றால் தீர்ந்தது கதை. மூக்கு வழியே அதிவேகமாகச் செலுத்தும் ஹை-ஃப்ளோ கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால், அதே சிலிண்டர் 25 நிமிடம்தான். ஆயுள் நீளக் கல்யாணம் செய்துகொள்ளும் திருக்கடையூரைத் தாண்டியதும் காலியாகிவிடும். நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறவருக்கு 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரும், ஹை-ஃப்ளோ தேவைப்படுகிறவருக்கு அனுப்பும் முன்பே குழாய் போட்டுச் சிறு வென்டிலேட்டரில் ஏற்றுவதும் இதைத் தீர்க்கும். அதைச் செய்ய வண்டியில் பயிற்சி பெற்ற ஒருவர் ஏற வேண்டும். மறுமுனையில் படுக்கை உறுதி என்று ஒரு டாக்டர் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லைச் சிக்கல் தீர்க்க முடியாததா? தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், தன் எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் லாரி மோதினால் திறக்கும் கதவு, காரைக்கால் வயலில் பாம்பு கடித்தவருக்கும் திறக்க ஓர் ஒப்பந்தம் போதும். மறுநாள் பில்லைப் புதுச்சேரி அரசு கட்டட்டும்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு இதுதான்: சின்ன ஊருக்குச் சின்னக் கருவி போதும் என்பது, காலங்காலமாகத் தலைநகரம் சொல்லிவந்த சாக்கை மறுபடி சொல்வது ஆகாதா? கோபம் நியாயமானது. ஆனால் நாற்பது நர்ஸ், இரவில் தங்கும் மயக்க மருந்து டாக்டர், கருவி பழுதுபார்க்கும் டெக்னீஷியன் என்று கேட்பது எக்மோ ஒன்று கேட்பதைவிடச் செலவு பிடித்த கோரிக்கை, ஏமாற்றவும் முடியாதது. 2016 முதல் ஜிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி இங்கேயே இருக்கிறது. ஆள் பயிற்றுவிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாவது மறுப்பு, கொரோனாவில் கருவி இல்லாமல்தானே செத்தார்கள் என்பது. உண்மை, ஓர் அளவுக்குக் கீழே கருவி குறையவே கூடாது. ஆனால் அந்தக் கொரோனா காலத்திலேயே, 2021 மே மாதத்தில், பி.எம். கேர்ஸ் நிதியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வென்டிலேட்டர்கள் பயன்படாமல் கிடப்பதாகப் புகார் வந்து, அவை பொருத்தப்பட்டு இயங்குகின்றனவா என்று தணிக்கை செய்யப் பிரதமர் உத்தரவிட்டார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். சும்மா கிடக்கும் கருவிக்குக் கடற்காற்று இன்னும் கொடுமை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் கருவிக்குள் இருக்கும் ஜியோலைட் மணிகள் ஈரத்தைக் குடித்தால் திறன் இழக்கும். வென்டிலேட்டரின் ஆக்சிஜன் சென்சர் பல மாடல்களில் ஓடாமல் பெட்டிக்குள் கிடந்தாலும் தேய்ந்துபோகும் வகை. உறை பிரிக்காத கருவி புதுக்கருவி என்று நம்புவது தவறு.

ஆகவே இனி மருத்துவமனையில் எத்தனை வென்டிலேட்டர் என்று கேட்பதில் பெரிய பயனில்லை. ஆக்சிஜன் சென்சர்கள் கடைசியாக எந்தத் தேதியில் மாற்றப்பட்டன, போன மாதம் இரவு ஷிப்ட்களில் ஐ.சி.யூ. படுக்கைக்கு எத்தனை நர்ஸ், வெளியூருக்கு அனுப்பிய நோயாளிகளில் எத்தனை பேருக்கு மறுமுனையில் படுக்கை முன்கூட்டியே உறுதியாகியிருந்தது என்று கேட்க வேண்டும். மூன்றுமே பதிவேட்டில் இருக்க வேண்டியவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.