மரப்பொந்தில் குடியிருக்கும் சின்ன ஆந்தை

பொழுது சாய்ந்து, லோக்கல் ரெயில்களில் கூட்டம் நெரியும் நேரம். மும்பை, தானே, கல்யாண் பகுதிகளில் ரெயில்வே குடியிருப்புகளிலும் பழைய ஆலை வளாகங்களிலும் உள்ள கிழட்டு மரங்களில் இருந்து "சிர்ர்ர்... சிர்ர்ர்... சிர்விக், சிர்விக்" என்று இரண்டு பேர் சண்டை போடுவதுபோல ஒரு சத்தம் கிளம்பும். கேட்பவர்கள், "ஆந்தை கத்துகிறதே, யாருக்கு என்ன கெடுதலோ" என்று கல்லைத் தேடுவார்கள்.

கல்லுக்கு வேலையே இல்லை. கத்துவது புள்ளி ஆந்தை. இரை தேடப் புறப்படும் முன்பு ஜோடிக்குக் குரல் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மைனாவைவிடக் குள்ளம்

நீளம் சுமார் 21 செ.மீ. மைனாவைவிடக் கொஞ்சம் குள்ளம். ஆனால் உருண்டு திரண்ட உடம்பு. சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் தலை முதல் முதுகு வரை வெள்ளைப் புள்ளிகள். மஞ்சள் கண். அதன் மேல் புருவம்போல வெள்ளைக் கோடு.

வண்டு, வெட்டுக்கிளி, ஈசல், பல்லி, சுண்டெலி ஆகியவை இதன் ஆகாரம். தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். எலித் தொல்லையால் அவதிப்படும் நகரத்துக்கு இது உபகாரிதான்.

இந்த ஆந்தை தானாகக் கூடு கட்டுவது இல்லை. மரப்பொந்தோ, பழைய கட்டடத்தின் சுவர் ஓட்டையோ கிடைத்தால் அதில் குடித்தனம் நடத்தும். மும்பையில் ஒரு கோலி கிடைப்பது எவ்வளவு பாடு என்பது நம்மவர்களுக்குத் தெரியும். ஆந்தைக்கும் அதே கதைதான்.

பிங்களா சொல்லும் குறி

மராட்டியர்கள் இதைப் "பிங்களா" என்று அழைக்கிறார்கள். விடியற்காலையில் சிறு உடுக்கையை ஆட்டிக்கொண்டு வந்து குறி சொல்லும் பிங்களா ஜோசியர்களுக்கு இந்தப் பறவையின் பாஷை புரியும் என்பது இங்குள்ள நம்பிக்கை. நம் ஊர்க் குடுகுடுப்பைக்காரர் நினைவுக்கு வருகிறாரா? வங்காளத்திலோ ஆந்தை, லட்சுமியின் வாகனம். ஊருக்கு ஊர் பலன் மாறுகிறது. பறவை மட்டும் தன்பாட்டுக்குப் பூச்சி பிடித்துக்கொண்டு இருக்கிறது.

எங்கே பார்க்கலாம்?

இதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியது இல்லை. ஆலமரம், அரசமரம், மாமரம், தூங்குமூஞ்சி மரம் என்று வயதான மரங்களில் பொந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொந்துக்குக் கீழே பட்டையில் வெள்ளையாக எச்சம் வழிந்து இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். காக்கையும் மைனாவும் ஒரு கிளையைச் சுற்றிக் கூச்சல் போட்டாலும் அங்கே கவனிக்கலாம். குளிர்கால காலை நேரத்தில் ஜோடியாகப் பொந்து வாசலில் உட்கார்ந்து வெயில் காயும். ஆளைக் கண்டதும் தலையை மேலும் கீழும் ஆட்டி முறைத்துப் பார்க்கும்.

படம் பிடிக்க அந்த நேரமே நல்லது. வெளிச்சமும் இருக்கும், பறவையும் அசையாது. கையில் உள்ள செல்போன் போதும். கேமரா இருந்தால் இன்னும் விசேஷம். ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு.

இருட்டில் பிளாஷ் அடிக்கக்கூடாது. இருளுக்குப் பழகிய கண் கூசிப்போகும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கக்கூடாது. வேறொரு ஆந்தை இடம் பிடிக்க வந்துவிட்டது என்று அது பதறும். பொந்துக்குள் செல்போனை நீட்டவே கூடாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது தள்ளியே நிற்க வேண்டும்.

113 வருடம் காணாமல் போன ஆந்தை

சாதாரண ஆந்தையை உற்றுப் பார்த்துப் பழகுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். இதன் உறவான காட்டுச் சிற்றாந்தையின் கதை அதற்குப் பதில் சொல்லும். உச்சந்தலையில் புள்ளி அநேகமாக இல்லாத இந்த ஆந்தை, 1884-க்குப் பிறகு யார் கண்ணிலும் பட்டதாக நம்பகமான தகவல் இல்லை. அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். 1997 நவம்பரில் பமீலா ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபட் என்ற மூன்று அமெரிக்கர்கள் மராட்டிய மாநிலம் ஷாஹாதா அருகே அதைக் கண்டுபிடித்தார்கள். எடுத்த படங்களே சாட்சியாயின.

2014-ல் அது தான்சா சரணாலயத்திலும் தென்பட்டது. கசாரா மார்க்கத்தில் போகிறவர்கள் கடந்து செல்லும் ஷாஹாபூர் பக்கம்தான் தான்சா. 1892 முதல் மும்பைக் குழாய்களுக்குத் தண்ணீர் தரும் அதே ஏரிதான். இத்தனை பக்கத்தில் இருந்தும், பார்க்கத் தெரிந்தவர் கண்ணில் படும் வரை அது கணக்கிலேயே வரவில்லை.

தீபாவளி ஆபத்து

புள்ளி ஆந்தைக்குக் கல்லைவிடப் பெரிய ஆபத்து மந்திரவாதம். தீபாவளி நெருங்கினால் பில்லி சூனியத்துக்கு என்று வட மாநிலங்களில் ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள். நாட்டில் உள்ள சுமார் 30 வகை ஆந்தைகளில் 15 வகை இப்படி விலைபோவதாக "டிராபிக் இந்தியா" அமைப்பு 2010-ல் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஜெயிலுக்குப் போக நேரும். ஆகவே படத்தைப் பலருக்குக் காட்டலாம். மரம் இருக்கும் இடத்தைக் கண்டவர்களிடம் சொல்லக்கூடாது.

அடுத்த ஆபத்து கோடாரி. மழைக்கு முன்பு கிளை வெட்டும் சாக்கில் பொந்துள்ள கொம்பும் சேர்ந்து போய்விடுகிறது. குஞ்சுகள் பறக்கப் பழகும் காலமும் அதுதான். மராட்டிய மாநில நகரப் பகுதிகளில் அனுமதி இல்லாமல் மரம் வெட்ட 1975-ம் வருடச் சட்டம் தடை விதிக்கிறது. வெட்ட வருகிறவர்களிடம் அனுமதிக் காகிதத்தைக் கேட்க, குடியிருப்பவர் யாருக்கும் உரிமை உண்டு. பொந்தில் பறவை இருக்கிறது என்பதற்கு, கையில் ஒரு படம் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும்.

இன்று இரவு ஷிப்டு முடிந்து திரும்பும்போது தலைக்கு மேலே "சிர்ர்ர்" என்று கேட்டால், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே!